ராத்திரி மாத்திரை

கரண்டியின் முதுகால் தர்மா மாத்திரையை நசுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு மாத்திரைகள். பீங்கான் தட்டில் அவை பொடியாகும் சத்தம் தினேஸ்வரியின் பல்லைக் கூசச் செய்தது.

"மைலோவுல கலக்கிக் குடுத்துரு. சீனி கொஞ்சம் தூக்கலாப் போடு, கசப்பு தெரியாது," என்றான்.

"தம்பிக்கு இனிப்புநீர் இருக்குங்க."

"ஒரு நாள்ல ஒன்னும் ஆயிராது லா. மதியம் வண்டி வரும். அதுக்குள்ள அவன் செத்த நேரம் படுத்தா போதும். மாமா வேற பயப்படுறாரு."

தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு அவன் வெளியே போனான். வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். நாற்காலிகளை இறக்கும் சத்தமும், தைப்பிங்கிலிருந்து விடியற்காலையிலேயே வந்துவிட்ட பத்துமலை மாமாவின் குரலும் கேட்டன. செத்துப்போன மாமியார் நவமணிக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். தாய்மாமன் என்ற முறையில் இன்று அந்த வீட்டில் எல்லாமே தன்னைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கூடத்தில் நவமணி பெட்டிக்குள் படுத்திருந்தாள். கல்யாண வீடுகளுக்கென்று எடுத்து வைத்திருந்த ஊதாப் பட்டைக் கட்டிவிட்டிருந்தார்கள். நேற்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது. அவள் காலடியில் இப்போது இளைய மகன் பவித்ரன் உட்கார்ந்து, மடித்து முடிக்காமல் விட்ட துணிகளைப் பற்றி அம்மாவிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சு நிற்கும்போதும் அவன் உதடு நிற்கவில்லை. எதையோ சப்புவதுபோல் அது தானாக அசையும். நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். காலையில் வந்த ஒரு பாட்டி, "சாவு வூட்டுல என்னாத்தடா மெல்லுற?" என்று அதட்டிவிட்டுப் போனாள். அவன் வாயைத் திறந்து, ஒன்றுமில்லை என்று காட்டினான்.

நேற்று ஆம்புலன்சைக் கூப்பிட்டவன் அவன்தான். பிறகு தினேஸ்வரிக்குப் போன் செய்து, "அண்ணி, அம்மா எந்திரிக்கல. ஆம்புலன்ஸ் வருது. நீங்க அண்ணன கூட்டிக்கிட்டு வாங்க. மெதுவா ஓட்டச் சொல்லுங்க," என்றான். இப்படிப்பட்டவனைத் தூங்க வைக்க வேண்டும் என்கிறார்கள்.

அவள் மைலோவைக் கலக்கினாள். பொடியையும் போட்டாள். சீனி போடவில்லை. கோப்பையைப் பார்த்தபடி அடுப்படியிலேயே நின்றாள்.

அவளுக்கு நேரே சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வட்டமான, நல்ல ஜப்பான் மெஷின் போட்ட கடிகாரம். முள்ளுக்குக் கீழே ஒரு மருந்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பும் மெரூனுமாக ஸ்டிக்கர் பொட்டுகள் நெருக்கி ஒட்டப்பட்டிருந்தன. புருஷன் போனபிறகு நவமணி பொட்டு வைப்பதில்லை. மிச்சமிருந்த பொட்டு அட்டை வீணாகப் போவானேன் என்று, கோபம் வந்தபோதெல்லாம் ஒன்றாக எடுத்து அந்தப் பெயரின் மேல் ஒட்டிவந்தாள். கடிகாரத்தைக் கழற்றி எறியுங்களேன் என்று தினேஸ்வரி ஒருமுறை சொன்னாள். "அது நேரத்தச் சரியாத்தானே காட்டுது? அதுமேல என்ன கோவம்?" என்று நவமணி சிரித்தாள்.

அந்தக் கடிகாரத்தைக் கொண்டுவந்து மாட்டியவன் தர்மா. அப்போது அவன் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தான். கழுத்தில் டை, கையில் சக்கரம் வைத்த பை, வாரம் முழுக்க டாக்டர்களின் அறை வாசலில் காத்திருப்பு. ஈப்போவிலிருந்து காம்பார் வரைக்கும் அவனுக்குத் தெரியாத கிளினிக் கிடையாது. தம்பிக்கு நோய் கண்டு, காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, பழைய ஊசிகளால் கை நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. தன் கம்பெனியின் புது மருந்தைப் பற்றி அவன் வீட்டுக்கு வந்து சொன்னபோது முகமெல்லாம் பூரிப்பு. "இது பழைய மருந்து மாதிரி இல்லம்மா. சைட் எஃபெக்டே கிடையாது," என்றான். அப்படித்தான் அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் தினேஸ்வரிக்கு இன்றும் வருத்தம்.

தனியார் கிளினிக்கில் டாக்டர் அந்த மருந்தை எழுதினார். அவர் மேசைமேல் பேனா, நாட்காட்டி, டிஷ்யூ பெட்டி எல்லாவற்றிலும் அதே பெயர். குரல்கள் அடங்கின. அதை நவமணி ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் பவித்ரன் ஊதினான். போட்ட சட்டை எதுவும் பொத்தானைப் பூட்ட முடியாமல் போயிற்று. இனிப்புநீர் வந்தது. பிறகு ஒரு நாள் அவனுக்குச் சோறு போடும்போது, தட்டில் ஒன்றும் இல்லாத நேரத்திலும் வாய் மெல்லுவதைப் பார்த்தாள். டாக்டரிடம் சொன்னால், "பதற்றத்துல அப்படி இருக்கும்," என்று மாத்திரையைக் கூட்டினார்.

நவமணி ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பால்மரம் வெட்டிய கைகள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்து மருந்தகத்தில் டிரஸர் ஒருவர் காய்ச்சல், வயிற்றுவலி, கால் வீக்கம் எதற்குப் போனாலும் ஒரே சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பாராம். "என்னா மருந்துங்க ஐயான்னு கேட்டா திட்டுவாரு. அப்ப வாய மூடிக்கிட்டேன். இப்ப என் மவன் வாயே மூட மாட்டேங்குது, நான் ஏன் மூடணும்?" என்பாள். அழ வேண்டிய இடத்தில் இப்படி எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவது அவள் வழக்கம்.

பிறகுதான் அந்த ஓட்டல் கூட்டம். நோயாளிகளின் குடும்பங்களுக்கென்று கம்பெனி தன் செலவில் ஈப்போவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு செய்தது. கூட்டம் சேர்க்கும் பொறுப்பு தர்மாவுக்கு. ஆள் குறைந்துவிடக் கூடாதே என்று அம்மாவையும் மனைவியையும் வரச்சொன்னான். இந்த ஊதாப் பட்டைத்தான் நவமணி அன்றும் கட்டியிருந்தாள். கறிபாப்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டு சாப்பிட்டாள். கோலாலம்பூரிலிருந்து வந்த நிபுணர் திரையில் படங்கள் காட்டிப் பேசி முடித்தார். கேள்வி நேரம் வந்ததும் நவமணி கையைத் தூக்கினாள். மைக் வந்தது. மலாய் மொழியில், நிதானமாகக் கேட்டாள்.

"டாக்டர், இந்த மாத்திரையால என் மகனுக்குக் குரல் கேக்குறது நின்னுச்சு. அதுக்கு நன்றி. ஆனா உடம்பு ஊதிப்போச்சு, இனிப்புநீர் வந்துருச்சு, வாய் தானா ஆடுது. இதெல்லாம் வரும்னு முன்கூட்டியே ஏன் யாரும் எங்ககிட்ட சொல்லல?"

ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி, உங்கள் டாக்டரிடம் பேசுங்கள் என்றார் நிபுணர். நவமணி உட்கார்ந்தாள். ஏதோ யோசித்தவள் மறுபடி எழுந்தாள். "எங்க டாக்டர் உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. இப்பவே பேசலாமா?"

கூடமே சிரித்துவிட்டது. மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கு அன்று பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சீனத்தி ஒருத்தி வந்தாள், ஒரு மலாய்க்கார அம்மா வந்தார், ஒவ்வொருவராக வந்து தங்கள் பிள்ளைகளின் வாயையும் கையையும் படம் பிடித்து வைத்திருந்த போனை அவளிடம் நீட்டினார்கள். நவமணி கோழிக்கறித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு படத்தையும் பொறுமையாகப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற தினேஸ்வரிக்கு, இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது நல்ல காரியம் என்று முதல்முறையாகத் தோன்றியது அப்போதுதான்.

அதே நேரத்தில்தான் தர்மாவின் மேலாளர் அவனிடம் வந்து, யார் அந்த அம்மா என்று கேட்டார்.

"தெரியாது," என்றான் தர்மா.

அவர்களுக்குப் பின்னால் இரண்டடி தள்ளித்தான் நவமணி நின்றிருந்தாள். காதில் விழுந்தது என்பது தினேஸ்வரிக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில், தர்மா இல்லாத நேரமாகப் பார்த்து, "வேல நேரத்துல அப்படித்தான் சொல்லணும். பாவம், அவன் என்னா பண்ணுவான்," என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வாராவாரம் தர்மாவுக்குப் பிடித்த நண்டு ரசம் வைத்துக் கொடுத்து அனுப்பினாள். சில மாதங்களில் தர்மா அந்த வேலையை விட்டான். இப்போது தண்ணீர் வடிகட்டி விற்கிறான். அம்மாவால்தான் விட்டேன் என்று அவன் சொன்னதில்லை. இல்லையென்றும் சொன்னதில்லை.

நவமணி பவித்ரனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றினாள். மருந்தை நிறுத்திவிட்டுக் கோயிலில் கட்டிப்போடச் சொன்ன சொந்தக்காரர்கள் பேச்சையும் அவள் கேட்கவில்லை. "மருந்து வேணும். எது வேணும், எவ்வளவு வேணும்னு பாத்துக் குடுக்கணும்," என்று சண்டை போட்டாள். அங்கிருந்த சின்ன வயது டாக்டரம்மா பொறுமைசாலி. வேறு மருந்துக்கு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ராத்திரிக்கு ஒரே மாத்திரை என்ற அளவுக்குக் கொண்டுவர வருஷங்கள் ஆயின. வாயும் நாக்கும் கை நடுக்கமும் மட்டும் சரியாகவில்லை. இன்னும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அதனால் தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும், இந்தக் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு, பவித்ரனை உட்கார வைத்து, நாக்கை நீட்டச் சொல்லி நவமணி பார்ப்பாள். நேற்றைவிட அதிகமா, அதே அளவா என்று பார்த்த பிறகுதான் மாத்திரை. அந்த நேரம் தர்மா வந்திருந்தால் எழுந்து கார் கழுவப் போய்விடுவான்.

அந்த வீட்டில் நவமணி போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். நோய் வந்த புதிதில் யாரோ சொல்லிக்கொடுத்து, அவனுக்குத் தெரியாமல் சோற்றில் மாத்திரையைக் கலந்து கொடுத்துவிட்டாள். அவன் கண்டுபிடித்துவிட்டான். அதன்பிறகு அந்த வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. அவன் தட்டிலிருந்து முதல் கவளத்தைத் தான் சாப்பிட்டுக் காட்டிக் காட்டித்தான் அவள் அவனை மறுபடி சாப்பிட வைத்தாள். "எது குடுத்தாலும் சொல்லிக் குடு. அவன் வேணாம்னா வேணாம். என் சோத்த அவன் நம்பணும்," என்று மருமகளுக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

மாமனார் உடையப்பன் செத்த நாளும் தினேஸ்வரிக்கு நினைவுக்கு வந்தது. அன்றும் இதே பயம், இதே மாமா. ஊசி போட்டுப் பவித்ரனைத் தூங்க வைத்தார்கள். எல்லாம் முடிந்து அவன் எழுந்தபோது, "அப்பா வேலைக்குப் போயிட்டாரா?" என்று கேட்டான். செத்துப்போனார் என்றால் நம்பவில்லை. அவன்தான் பார்க்கவில்லையே. மாதக்கணக்கில் சாயங்காலமானால் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்காக நின்றான். ஒவ்வொரு சாயங்காலமும் நவமணி அவனிடம் போய் நின்று, அப்பா செத்துட்டாருடா என்று புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி அம்மாவுக்காக அவன் கேட்டருகே நின்றால், போய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

தினேஸ்வரி கோப்பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பவித்ரனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பவி, இந்த மைலோவுல ரெண்டு தூக்க மாத்திர இருக்கு. அண்ணன் குடுக்கச் சொன்னாரு. வேணுமா?"

அவன் கோப்பையையும் அவளையும் பார்த்தான். "இத குடிச்சா தூங்கிருவேனா அண்ணி?"

"தூங்கிருவ."

"அம்மாவ கொண்டு போறப்பயா?"

"ஆமா."

"அப்ப வேணாம். ராத்திரி மாத்திரய ராத்திரி போட்டுக்குறேன்," என்றான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "சொன்னதுக்கு தேங்ஸ் அண்ணி," என்றான்.

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. செத்துப்போன மாமியாருக்காக அவள் அழுத முதல் அழுகை அதுதான். கோப்பையைப் பின்கட்டுக்கு எடுத்துப் போய்க் கால்வாயில் ஊற்றினாள். நிமிர்ந்தபோது தர்மா நின்றுகொண்டிருந்தான்.

"ஊத்திட்டியா?"

"தம்பி வேணாம்னு சொல்லிருச்சு."

"அவன்கிட்ட போய் கேட்டியா? கூட்டத்துல அவனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா என்னா செய்வ?"

"ஆகட்டுங்க. அம்மா செத்தா யாருக்கும் ஏதாச்சும் ஆகத்தான் செய்யும். உங்க அப்பா செத்தப்ப தூங்க வச்சீங்களே, என்னா ஆச்சு? வாசக் கேட்டுல தம்பி நின்னு நின்னு... நீங்க வந்து ஒரு நாள் சொன்னீங்களா? எல்லா நாளும் அத்ததானே சொன்னாங்க?"

தர்மா குழாயைத் திறந்து, கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கித் தானே கழுவினான். அடியில் ஒட்டியிருந்த பொடி போக விரலை விட்டுத் தேய்த்தான்.

சடங்குகள் ஆரம்பமாகும் நேரத்தில் பத்துமலை மாமா அடுத்த பேச்சை எடுத்தார். அவர்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி வைக்க வேண்டும். ஆனால் இளையவனின் கைதான் நடுங்குகிறதே.

"தர்மாவே வைக்கட்டும்ப்பா. கொள்ளிக்குடத்த தோள்ல தூக்கிக்கிட்டு மூனு சுத்து சுத்தணும். இவன் பாதியில போட்டுட்டா அபசகுனமாப் போயிரும். நாலு பேரு பாப்பாங்க, சூசா லா, நமக்குத்தான் கஷ்டம்," என்றார்.

காரியம் செய்ய வந்திருந்த சன்னாசி குடத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். புந்தோங் மின்சுடுகாட்டில் எத்தனையோ பேரை வழியனுப்பியவர். நிமிராமலே சொன்னார். "அண்ணே, இது ஒடைக்கிறதுக்குன்னு வாங்கிட்டு வர்ற குடம். கை நடுங்குறவன் ஒடைச்சாலும் ஒடையும், நடுங்காதவன் ஒடைச்சாலும் ஒடையும். யாருன்னு நீங்க சொல்லுங்க, நான் செய்யிறேன்."

எல்லாரும் தர்மாவைப் பார்த்தார்கள். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"தம்பியே செய்யட்டும் மாமா," என்றான். "நான் கூட நடக்குறேன்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாய்க்கரிசி போடும்போது பவித்ரனின் விரல்களிலிருந்து அரிசி அம்மாவின் கன்னத்திலும் கழுத்திலும் சிதறியது. அவன் பதறாமல் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி உதட்டோரம் வைத்தான். கூட்டம் காத்திருந்தது. அம்மாவின் மூடிய வாயருகே ஓயாமல் அசைந்துகொண்டிருந்த மகனின் வாயைப் பார்த்துவிட்டு, கூடாரத்தில் இருந்த பெண்கள் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார்கள். வந்திருந்தவர்களில் அந்தச் சீனத்தியும் இருந்தாள். ஓட்டலில் பழகியவள், இத்தனை வருஷமும் பழக்கத்தை விடாதவள். நவமணியை அவள் மலாயில் அக்கா என்ற பொருளில் 'கக்கா' என்றுதான் கூப்பிடுவாள்.

புந்தோங்கில் வெயில் சுள்ளென்று அடித்தது. மழித்த தலையோடு, ஈர வேட்டியோடு பவித்ரன் குடத்தை இடது தோளில் வாங்கினான். கை நடுங்கியது, குடம் நடுங்கியது, வாய் விளிம்பிலிருந்து தண்ணீர் தளும்பி அவன் மார்பை நனைத்தது. சன்னாசி முதல் சுற்றில் கத்தி முனையால் குடத்தில் ஒரு துளை போட்டார். தண்ணீர் கம்பியாகப் பீய்ச்சிற்று. நடுங்கும் தோளில் அது நேராக விழாமல், ஒட்டி நடந்த தர்மாவின் வெள்ளைச் சட்டை முழுக்க அடித்தது. அவன் விலகவில்லை. குடத்தைப் பிடிக்கவும் கை நீட்டவில்லை. தம்பியின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தான். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. தினேஸ்வரி பெண்கள் கூட்டத்திலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். குடம் தோளை விட்டு நகரவே இல்லை.

"திரும்பிப் பாக்காம போடு தம்பி," என்றார் சன்னாசி.

பவித்ரன் கையை விட்டான். குடம் அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்து உடைந்தது. "அம்மா போயிட்டாங்கண்ணே," என்றான், முன்னால் பார்த்தபடியே. சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். இந்த முறை யாரும் அவனுக்குச் சொல்லத் தேவைப்படவில்லை, அவனே சொன்னான். பத்துமலை மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முதுகில் கைவைத்தார்.

வீட்டுக்குத் திரும்பிக் குளித்து, பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றைச் சாப்பிட்டபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கூடத்தில் பெட்டி இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. பவித்ரன் எழுந்து போய்க் கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்தான். பிறகு அடுப்படிக்குப் போனான். நாற்காலியைக் கடிகாரத்துக்குக் கீழே, வழக்கமான இடத்தில் இழுத்துப் போட்டான். அலமாரியிலிருந்து ஒரு மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். விளக்கைப் பார்த்து முகத்தை நிமிர்த்தி, நாக்கை நீட்டினான்.

எதிரே யாரும் இல்லை. அவன் அப்படியே இருந்தான்.

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த தினேஸ்வரி துணியைக் கீழே வைத்தாள். போக வேண்டும் என்று நினைத்தபோதே வாசல் பக்கத்திலிருந்து தர்மா உள்ளே வந்தான். கையில் கார் சாவி இருந்தது. ஒருகணம் நின்றான். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, நவமணி உட்காரும் முக்காலியை இழுத்துத் தம்பிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"எப்படிடா பாக்கணும்?"

பவித்ரன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான். "சும்மா பாத்தா போதும்ணே. அம்மா ரொம்ப நேரம் பாப்பாங்க. நீங்க லைட்ட மறைக்கிறீங்க, கொஞ்சம் தள்ளுங்க."

தர்மா தள்ளி உட்கார்ந்தான். பவித்ரன் மறுபடி நாக்கை நீட்டினான். அது வெளிச்சத்தில் நெளிந்தது, சுருண்டது, ஓரம் போனது, திரும்ப வந்தது. தர்மா முழங்கையை முட்டியில் ஊன்றி, முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டு பார்த்தான்.